சீஎம்வி பீசீஆர் 900, இப்போது 2,300. ஏறிவிட்டதா?

களுவாஞ்சி:
அண்ணனுக்குக் கண்டியில் கிட்னி மாற்றி நாலு மாதமாகிறது. நாங்கள் களுவாஞ்சிக்குடி, அதனால் இரத்தத்தை மட்டக்களப்பு டவுனில் கொடுக்க, அங்கிருந்து கொழும்புக்குப் போகிறது. சீஎம்வி பீசீஆர் (சீஎம்வி என்ற வைரஸ் இரத்தத்தில் எவ்வளவு என்று அளக்கும் சோதனை) போன மாதம் 900 ஐயூ என்ற அலகில், இந்த முறை வேறு லேப்பில் 2,300. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.3 இலிருந்து 1.6. சீஎம்வி ஐஜிஎம் (புதுத் தொற்றுக்கு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) நெகட்டிவ் என்றும் ஒரு தாள் இருக்கிறது. கிளினிக்குக்கு இன்னும் பன்னிரண்டு நாள், அம்மாவுக்கு நித்திரையே இல்லை.

வாவிக்கரை:
தங்கச்சி, நான் லேப்பில் வேலை செய்கிறவன். இரண்டு றிப்போட்டிலும் எந்த மாதிரியில் பார்த்தார்கள் என்று பாருங்கள். ஒன்று பிளாஸ்மா (அணுக்களைப் பிரித்தெடுத்த இரத்த நீர்), மற்றது முழு இரத்தம் என்றால் ஒப்பிடவே கூடாது, வைரஸ் வெள்ளை அணுக்களுக்குள்ளும் இருப்பதால் முழு இரத்தத்தில் எண் பெரும்பாலும் கூடத்தான் வரும். 2010 இல் உலக சுகாதார நிறுவனம் பொதுத் தரமாதிரி கொண்டுவந்தும் லேப்புக்கு லேப் வித்தியாசம் தீரவில்லை. ஒரே லேப்பில்கூட மூன்று மடங்கு தாண்டாத மாற்றத்தை ஏற்றம் என்று நாங்கள் எடுப்பதில்லை. ஐஜிஎம்மை மறந்துவிடுங்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து குடிப்பவருக்கு அது எழும்பாமலே இருக்கலாம். இரத்தம் எடுக்கும் டியூப்பையும் கவனியுங்கள்: ஊதா மூடிதான் வேண்டும். பச்சை மூடியில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின், அது பீசீஆரையே குழப்பும். ஒரு இடத்தில் பச்சையில் எடுத்து அனுப்பி, நோயாளி திரும்ப ஊசி குத்திக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

அதுக்காகப் பன்னிரண்டு நாள் பொறுக்க வேண்டாம். கண்டிக்கு இன்றைக்கே கோல் எடுங்கள்.

அக்கரைப்பற்றுக்காரன்:
எனக்கு மாற்றி ஆறு வருடம். கிரியேட்டினின் ஏறுகிறது என்றால் மாற்றிய கிட்னியைப் பாதிக்கும் பீகே வைரஸும் பார்த்தார்களா என்று கேளுங்கள். 1971 இல் கிட்னி மாற்றிய ஒருவரின் சிறுநீரில் முதலில் பிடிபட்டது, அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். சீஎம்விக்கு வால்கன்சிக்ளோவிர் என்ற குளிசை இருக்கிறது, பீகேக்கு அப்படி ஒரு குளிசை இல்லை, அடக்கும் மருந்தைக் குறைப்பதுதான் வழி. எனக்குப் பிளாஸ்மாவில் 10,000 வைரஸ் கொப்பி தாண்டியதும் டாக்டர் குறைத்தார். கிட்னியை உடம்பு தள்ளினாலும் கிரியேட்டினின் ஏறும், அதற்கு மருந்தைக் கூட்ட வேண்டும். ஆகவே நீங்களாக அந்த அடக்கும் மருந்தான டக்ரோலிமஸைத் தொடவே வேண்டாம்.

களுவாஞ்சி:
பார்த்தேன் அண்ணா, முதலாவது பிளாஸ்மா, இரண்டாவது முழு இரத்தம்! கண்டிக்கும் பேசியாச்சு. வியாழன் வரச் சொன்னார்கள், பீகேயும் சேர்த்து அங்கேயே எடுப்பார்களாம். விடிய நாலு மணி பஸ்.