எலி பிழைத்தது, மூலிகை தேறியதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழக விலங்குக் கூடத்தில், மூலிகைச் சாறுகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். வேலை என்னவென்று தெரிந்ததும் நம்மவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "எலிக்குக் கொடுத்தீர்களாமே, ஒன்றும் ஆகவில்லையாமே, அப்படியென்றால் நாங்களும் குடிக்கலாம்தானே?" அந்த "ஒன்றும் ஆகவில்லை" எப்படி வருகிறது என்று எழுதுகிறேன்.

பெரும்பாலும் முதலில் நடப்பது ஒரே வேளைச் சோதனை. பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு நச்சுச் சோதனைக்கு வகுத்த 423ஆம் நெறிமுறைப்படி, சோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எலிகள், பொதுவாகப் பெண் எலிகள். இரவு உணவை நிறுத்தி, தண்ணீரை மட்டும் விட்டுவைத்து, காலையில் எடை பார்த்து, வளைந்த குழாய் ஊசியால் சாற்றை நேரே வயிற்றில் இறக்குகிறோம். ஊசியின் முனை உருண்டையாக இருக்கும். கழுத்துத் தோலைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினால் தானாக வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தடுத்தால் தள்ளக் கூடாது, வெளியே எடுத்துவிட வேண்டும். மூச்சுக்குழாயில் போனால் மூலிகை செய்யாத கொலையை நாம் செய்துவிடுவோம்.

பிறகு முதல் நான்கு மணி நேரம் கூண்டருகிலேயே இருக்கிறோம். முடி சிலிர்க்கிறதா, முதுகைக் கூனி ஒரு மூலையில் ஒடுங்குகிறதா, மூச்சு மாறுகிறதா? சில எலிகளின் கண்ணோரம் சிவப்பாகக் கசியும். புதிதாக வரும் மாணவர்கள் ரத்தம் என்று பதறுவார்கள். அது ரத்தமல்ல, உடல் வேதனைப்படும்போது கண்ணின் பின்புறச் சுரப்பி வெளியேற்றும் நிறமி. எங்கள் குறிப்பேட்டில் நான் மிகவும் மதிக்கும் வரிகள் இவைதாம். 14 நாள் கவனித்துவிட்டு, கிலோவுக்கு 2000 மில்லிகிராமிலும் சாவு இல்லையென்றால், அந்தச் சாற்றின் உடனடி நச்சுத்தன்மை குறைவு என்று பதிவு செய்கிறோம். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவும் அந்தச் சோதனை இடம் தருவதில்லை.

எலியால் வாந்தி எடுக்க முடியாது. தலை சுற்றுகிறது, வாய் கசக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்லவும் அதற்கு வழியில்லை. எடை இறங்குவதை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும். நாங்கள் வைத்திருப்பவை இளம் வயதுடைய, நோயற்ற எலிகள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆயாவோ எழுபதைத் தாண்டியவர். கிளினிக்கில் கொடுத்த சர்க்கரை மாத்திரையோடு, உறவினர் கொண்டுவந்த வேர்க் கஷாயத்தையும் மாதக்கணக்கில் குடித்துவந்தார். "தம்பி, இது மண்ணில் விளைந்ததுதானே?" என்றார். மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கூண்டில் பதில் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

மண்ணில் விளைந்தது என்பதற்கு இந்த ஊரிலேயே பதில் உண்டு. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பாரம்பரியமாகப் பயன்படும் இம்பிலா கிழங்கில் அட்ராக்டிலோசைடு என்ற நஞ்சு இருக்கிறது. உயிரணுவுக்குள் ஆற்றல் உண்டாகும் வழியையே அது அடைத்துவிடும். ரத்தச் சர்க்கரை சரிந்து, கல்லீரலும் சிறுநீரகமும் அழிந்து, குழந்தைகள் உட்படப் பலர் இறந்திருக்கிறார்கள். ஆனாலும் இது வேகமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கிற நஞ்சு. என்னைப் பயமுறுத்துவது மெதுவாக வேலை செய்யும் நஞ்சுதான்.

சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு ஆடுதின்னாப்பாளையைத் தெரியும். அது அரிஸ்டோலோக்கியா இனம். அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அந்த அமிலத்தை மூன்று மாதம் கொடுத்த எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1982இலேயே வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து, பெல்ஜியத்தில் எடை குறைப்பதற்காக இதே இனத்துச் செடி கலந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் சுருங்கிப்போனது. பின்னர் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. எலிகள் முன்கூட்டியே சொல்லியிருந்தன, கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே ஒரே வேளைச் சோதனையோடு நிற்கக் கூடாது என்று எங்கள் குழுவில் விடாமல் வாதாடுகிறேன். தினமும் குடிக்கும் கஷாயத்துக்குத் தினமும் கொடுத்துப் பார்க்கும் 28 நாள், 90 நாள் சோதனைகள்தாம் பொருத்தம். அவற்றில்தான் கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், உறுப்புகளின் எடை, நுண்ணோக்கியில் திசு என்று எல்லாவற்றையும் பார்க்கிறோம். அதற்கு அதிக விலங்குகள் தேவை. அறநெறிக் குழு ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கிறது, கேட்கவும் வேண்டும். ஆனால் அரைகுறைச் சோதனைக்கு மூன்று எலிகளைக் கொல்வதும் எனக்கு மனம் ஒப்பாத காரியம்தான்.

14 நாள் முடிவை மட்டும் வைத்து "இம்மூலிகை பாதுகாப்பானது" என்று முடியும் கட்டுரை என் பார்வைக்கு வந்தால், அந்த வரியை அடித்துவிட்டு, "இந்த அளவில், ஒரே வேளையில், சாவு இல்லை" என்று எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.