தம்பா ட்ரியோ கேட்டாயிற்று, அடுத்து எது?

இரவுவண்டி:
பிரேசிலின் மூவர் இசைக்குழுவான தம்பா ட்ரியோவின் ஆரம்பகாலப் பாட்டுகளைக் கேட்டு வருகிறேன். இனிமைதான், ஆனால் ஹோட்டல் வரவேற்பறை இசை மாதிரி காதைத் தாண்டிப் போய்விடுகிறது. இவர்களே துணிந்து வாசித்த ஆல்பம் ஏதாவது உண்டா?

பழைய_தட்டு:
உண்டு. ‘வீ அண்ட் தி ஸீ’, 1967. அப்போது குழுவின் பெயர் தம்பா 4. நியூ ஜெர்சியில், ஜாஸ் ஒலிப்பதிவுக்குப் பேர்போன ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. தயாரிப்பு க்ரீட் டெய்லர்.

ரியோவின் கோபகபானா பகுதியில் பெக்கோ தாஸ் கராஃபாஸ் என்ற சந்தில் இருந்த குட்டி பார்களில் வாசித்து வளர்ந்தவர்கள் இவர்கள். அந்த மென்மை இந்த ஆல்பத்திலும் போகவில்லை, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் முதல் பாட்டான ‘ஓ மோரோ’வைப் பாருங்கள். இசையமைப்பாளர் ஜோபிமும் கவிஞர் வினீசியஸும் எழுதிய சம்பா. அதை இழுத்து, அடக்கி, மறுபடி கிளப்பி வாசிக்கிறார்கள். பியானோ லூயிஸ் எஸா. வியன்னா போய் செவ்வியல் பியானோ படித்தவர், அந்தப் பயிற்சி விரலில் கேட்கும்.

அப்புறம் பெபெத்தோவின் புல்லாங்குழல். ட்ரியோவில் பாஸ் என்ற தாழ்சுருதித் தந்திக் கருவியை வாசித்ததும் அவரே. மேடையில் குழலை எடுத்தால் பாஸைக் கீழே வைத்தாக வேண்டும். டோரியோ ஃபெரேரா நான்காவது ஆளாகச் சேர்ந்த பிறகு அந்தச் சிக்கல் இல்லை. குழல் எவ்வளவு தூரம் அலைந்தாலும் அடியில் பாஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட்போனில் அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

குழலோசை:
இதோடு க்வார்த்தேத்தோ நோவோ என்ற பிரேசில் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 1967, அவர்கள் போட்ட ஒரே ஆல்பம். எர்மெத்தோ பாஸ்கோவால், ஐர்தோ மொரேரா போன்ற கலைஞர்கள் எல்லாம் அதில் உண்டு. ரியோ பாணியை விட்டு வடகிழக்கு பிரேசிலின் பையாவ் தாளத்துக்குப் போனார்கள். பின்னால் இருவரும் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடும் வாசித்தார்கள்.

இரவுவண்டி:
ரொம்ப நன்றி. இரண்டில் எதை முதலில் கேட்கலாம்?

பழைய_தட்டு:
துணிச்சல் என்றால் க்வார்த்தேத்தோ நோவோதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நீங்கள் ட்ரியோவிலிருந்து வருகிறீர்கள். பழகிய அதே கைகள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று தெரிய தம்பா 4-ஐ முதலில் கேளுங்கள். அதிலேயே பிரேசில் கிதார் கலைஞர் பேடன் பவெலின் ‘கொன்சொலசாவ்’ பாட்டும் இருக்கிறது, தவறவிடாதீர்கள்.