ஹிட்லருக்கு மூன்றில் இரண்டு பங்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி:
1933 மார்ச் 5 தேர்தலில் நாஜிகள் வாங்கியது 43.9 சதவீதம்தான். அரசே சட்டம் இயற்றலாம், அது அரசியலமைப்பை மீறினாலும் செல்லும் என்ற அதிகாரமளிப்புச் சட்டத்துக்கோ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அது எப்படிக் கிடைத்தது? வாக்குக் கணக்கோடு யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
முதலில் ஒன்று. ஹிட்லரைச் சான்சலராக்கியது (பிரதமர் போன்ற பதவி) தேர்தல் அல்ல. 1932 ஜூலையில் 230 இடம் பிடித்த கட்சி, நவம்பரில் 196-க்கு இறங்கியது. அப்படி இறங்கிய பிறகுதான், 1933 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரை நியமித்தார். அமைச்சரவையில் நாஜிகள் மூன்றே பேர். ஹிட்லரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று துணைச் சான்சலரான பாப்பன் நம்பினார். 1930 முதலே பெரும்பான்மை இல்லாத சான்சலர்கள் அரசியலமைப்பின் பிரிவு 48-இன் அவசர ஆணைகளை வைத்து ஆண்டுகொண்டிருந்ததால், நாடாளுமன்றம் அதற்குள் பாதி செத்துப்போயிருந்தது. என்னைக் கேட்டால் உண்மையான விரிசல் அங்கேதான்.

பதில் 2:
கணக்கு இது. மொத்தம் 647 உறுப்பினர்கள். நாஜி 288, கூட்டணியிலிருந்த தேசிய மக்கள் கட்சி 52, ஆக 340. சாதாரணப் பெரும்பான்மைக்குப் போதும், இதற்குப் போதாது. பிரிவு 76-இன்படி இரண்டு தடைகள்: உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 432 பேர், அவையில் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும்.

ரைக்ஸ்டாக் (நாடாளுமன்றக் கட்டடம்) தீவிபத்துக்கு மறுநாள், பிப்ரவரி 28 அன்று, வந்த ஆணை நீதிமன்றமில்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்தது. கம்யூனிஸ்டுகள் 81 பேரில் ஒருவர்கூட அவைக்குள் வர முடியவில்லை. சமூக ஜனநாயகக் கட்சியின் 120 பேரில் 26 பேர் சிறையில் இருந்தார்கள், தப்பியோடியிருந்தார்கள், அல்லது வேறு காரணத்தால் வரவில்லை. மார்ச் 23 அன்று அவை கூடிய குரோல் ஓபரா மாளிகையில், சுற்றிலும் நாஜிகளின் எஸ்.ஏ., எஸ்.எஸ். படை ஆட்கள் நிற்க, 444 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் 94. அந்த 94-ம் சமூக ஜனநாயகவாதிகள். கத்தோலிக்கரின் மையக் கட்சியும் (73 இடம்) ஆதரித்தது. அதன் தலைவர் காஸுக்கு ஹிட்லர் எழுத்தில் தருவதாகச் சொன்ன உறுதிமொழிக் கடிதம் கடைசிவரை வரவேயில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் எதிர்த்து வாக்களிப்பதற்குப் பதில் வராமலே இருந்திருந்தால்?

பதில் 2:
நல்ல கேள்வி. 216 பேர் வராவிட்டால் 432 எட்டாது. இரண்டு இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து 201. இன்னும் 15 பேர் போதும். இதை நாஜிகளும் கணக்குப் போட்டிருந்தார்கள். அதனால்தான் வாக்கெடுப்புக்கு முன் அவை விதியைத் திருத்தினார்கள்: தக்க காரணமின்றி வராதவரும் வந்தவராகவே கணக்கில் சேர்வார். காரணம் தக்கதா என்று முடிவு செய்பவர் அவைத்தலைவர் கோரிங். அப்படி அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்கள்.

பதில் 3:
முசோலினியின் இத்தாலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மூன்றில் இரண்டு பங்கைச் சட்டமே கொடுத்தது. 1923-இன் அசெர்போ சட்டப்படி, முதலிடம் பெறும் பட்டியல் 25 சதவீத வாக்கைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு இடம் அதற்கே. 1924 ஏப்ரல் தேர்தலின் வன்முறையை அவையில் அம்பலப்படுத்திய சோஷலிச உறுப்பினர் மத்தேயோத்தி, ஜூன் 10 அன்று கடத்திக் கொல்லப்பட்டார். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்து, மன்னர் தலையிடுவார் என்று காத்திருந்தன. அவர் அசையவில்லை. 1926 நவம்பரில், வெளியேறியவர்களின் உறுப்பினர் பதவியே பறிக்கப்பட்டது.