நீண்டகால நினைவு மூளையில் எங்கே தங்குகிறது?

கேள்வி:
பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுளை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் தட்டுத்தடுமாறாமல் ஒப்பிக்கும் எனக்கு, அதைக் கற்பித்த ஆசிரியரின் பெயர் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. கணினியில் கோப்புகளைப் போல நினைவுகள் மூளையில் சேமிக்கப்படுகின்றன என்றால், ஒரே வகுப்பறையில் பெற்ற இரண்டில் ஒன்று மட்டும் எப்படித் தொலைந்தது?

மறுமொழி 1:
கோப்பு என்ற உவமைதான் சிக்கல். ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் இரு பக்கமும், நினைவுகளைப் பதிப்பதில் முக்கியப் பங்குள்ள ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியின் முன்பாகம் அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் நிற்கவில்லை. ஆனால் இளமைக்கால நினைவுகள் பல அழியவில்லை. அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திர வடிவின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரையச் சொன்னார். மூன்று நாள்களில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. அவருக்கோ அப்பயிற்சியை முன்பு செய்த நினைவே இல்லை. கைத்திறனும் நிகழ்ச்சியும் வெவ்வேறு வழிகளில் பதிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. உங்கள் செய்யுளிலும், திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி நாவுக்கு வந்த பழக்கத்தின் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

மறுமொழி 2:
உயிரணு அளவில், நியூரான்கள் எனப்படும் நரம்பணுக்களுக்கு இடையிலான சினாப்ஸ் இணைப்புகள் வலுப்பெறுவதே பதிவு. கடல் நத்தையை ஆராய்ந்து 2000-இல் நோபல் பரிசு பெற்ற எரிக் காண்டெல், குறுகியகால நினைவுக்கு ஏற்கெனவே உள்ள புரதங்களில் ஏற்படும் மாற்றமே போதும் என்றும், நீண்டகால நினைவுக்குப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும் என்றும் காட்டினார்.

மறுமொழி 3:
ஒரு திருத்தம்: ஒருமுறை பதிந்தது அப்படியே உறைந்துவிடுவதில்லை. கரீம் நாடரும் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஒலிக்கு அஞ்சப் பழகிய எலிகளுக்கு அவ்வொலியை மீண்டும் கேட்கச் செய்து, உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை மூளையில் செலுத்தியபோது, அந்த அச்சம் பெரிதும் குறைந்தது. ஒலியைக் கேட்காத எலிகளிடம் அதே மருந்து பலிக்கவில்லை. நினைவுகூரும்போதெல்லாம் பதிவு சற்றே நெகிழக்கூடும் என்பதே இதன் பொருள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பழைய வகுப்புத் தோழர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முழுப்பெயரும் என் வாயில் வந்துவிட்டது.

மறுமொழி 1:
அப்படியானால் பெயர் தொலையவில்லை. அதை எட்டும் வழிதான் அடைபட்டிருந்தது.