மறு: எக்மோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக மடல்களைப் படித்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். "எக்மோ என்றே எழுதிவிட்டுப் போகலாமே" என்று ஒருவர் இழையை முடித்துவைக்கப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

எக்மோ, அதாவது ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பிவிடும் இயந்திரம், நமக்குப் புதிய சொல் இல்லைதான். 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றபோது வீடுவீடாக வந்து சேர்ந்தது. 2020இல் எஸ்.பி.பி. கொரோனாவோடு போராடிய வாரங்களில் திரும்பவும் வந்தது. முதலாவது இதயத்துக்காக, இரண்டாவது நுரையீரலுக்காக. நான் இரண்டுக்கும் சேர்த்து "செயற்கை இதய நுரையீரல் கருவி" என்றுதான் போட்டுவந்தேன்.

மருத்துவமனைப் படிவங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. கொரோனா இரண்டாம் அலையின்போது ஒரு ஒப்புதல் படிவத்திலும் அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட வந்த பெண் அந்த வரியில் விரலை வைத்து, "அப்பாவுக்கு நுரையீரல்லதான் பிரச்சினைன்னீங்க. இப்ப ஹார்ட்டும் போயிடுச்சா?" என்று கேட்டு அழுதாராம். செவிலியர் ஒருவர் பிறகு சொன்னார். அந்தப் பெண்ணுடைய அப்பாவின் இதயம் நன்றாகவே இருந்தது. தப்பு என் சொல்லில்.

வைரஸ் நிமோனியா முற்றியவர்களுக்குப் பெரும்பாலும் வைப்பது சிரையில் எடுத்துச் சிரையிலேயே திருப்பிவிடும் வகை. தொடை இடுக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒன்று. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் ரத்தம் வெளியே வந்து, கட்டுக்கட்டாக அடுக்கிய நுண்குழல்களைச் சுற்றி ஓடும். குழலுக்குள் ஆக்ஸிஜன், வெளியே ரத்தம்; குழலின் சுவர்தான் சவ்வு. கட்டிலருகே நின்றால் கண்ணுக்கே தெரியும்: போகிற குழாய் நாவல்பழச் சாறு மாதிரி, வருகிற குழாய் செம்பருத்தி மாதிரி. வந்த ரத்தத்தை உடம்பெங்கும் அனுப்புவது நோயாளியின் சொந்த இதயமேதான். தமனியில் திருப்பிவிடும் இன்னொரு வகையில்தான் இயந்திரம் இதயத்தின் வேலையையும் பார்க்கிறது.

சரி, குழுவில் இதுவரை வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> உடற்புறச் சவ்வுவழி உயிர்வளியேற்றம்

இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் ஐ.சி.யு. வாசலில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் இரண்டு முறை வந்து போய்விடும். ஆங்கிலக்காரரே சுமக்க முடியாமல் நாலெழுத்தாகச் சுருக்கிக்கொண்டார். அவர் இறக்கிவைத்த மூட்டையை நாம் ஏன் தூக்க வேண்டும்?

> வளியூட்டி

வென்டிலேட்டரோடு குழம்பும். அது காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. நுரையீரல் நனைந்த பஞ்சாகக் கனத்துக் கிடக்கும்போது மேலும் மேலும் தள்ளினால் புண்தான் மிஞ்சும். அதனால்தான் ரத்தத்தை வெளியே எடுத்து, அங்கேயே ஊட்டுகிறார்கள். இரண்டு இயந்திரமும் பெரும்பாலும் ஒரே கட்டிலருகே ஓடும். பெயர்கள் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கக் கூடாது.

> புறநுரையீரல்

எனக்கும் முதலில் பிடித்துப்போன சொல் இதுதான். அப்புறம் புறச்செவியும் புறத்தோலும் நினைவுக்கு வந்தன. புறச்செவி என்றால் உடம்புக்கு வெளியே இருக்கும் காதா? காதின் வெளிப்பகுதி. அந்தப் பழக்கத்தில் புறநுரையீரலையும் நுரையீரலின் மேற்பகுதி என்றுதான் படிப்பார்கள்.

என் முன்மொழிவு: துணைநுரையீரல்.

துணைவேந்தர், துணைத்தலைவர் போல இரண்டாம் இடம் என்று ஆகிவிடாதா என்று கேட்பீர்கள்.

ஆகட்டுமே, அதுதானே உண்மை? எனக்கு மனதில் இருப்பது வழித்துணை. எக்மோ வைரஸை ஒன்றும் செய்யாது, நுரையீரலை ஆற்றவும் ஆற்றாது. அது தானாக ஆறும்வரை கூட நிற்கும், அவ்வளவே. கூட நின்றும் எல்லோரும் கரை சேர்வதில்லை. 2018இல் வெளியான எயோலியா ஆய்வில், கடுமையான நுரையீரல் செயலிழப்போடு இருந்த 249 பேரில் 60 நாளுக்குள் இறந்தவர்கள் எக்மோ பிரிவில் 35 சதவீதம், வழக்கமான வென்டிலேட்டர் சிகிச்சைப் பிரிவில் 46. அந்த இடைவெளிகூடப் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. 'செயற்கை' என்றால் உறவினர்கள் நுரையீரலையே மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். 'துணை' அந்த நம்பிக்கையைச் சரியான அளவில் வைக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. நமக்குத் தமனி, சிரை. இலங்கை நண்பர்களுக்கு நாடி, நாளம். நம் ஆக்ஸிஜன் அவர்களுக்கு ஒட்சிசன். நீளச் சொல் எதைப் பிடித்தாலும் கடலுக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என்று இரண்டாகப் பிளக்கும். துணையும் நுரையீரலும் இரு கரைக்கும் பொது.

மிச்சம் இருப்பது இதயத்தையும் தாங்கும் வகை. "துணை இதயநுரையீரல்" என்று எழுதிப் பார்த்தேன். வாயில் கொஞ்சம் இடறுகிறது. யாராவது செதுக்கிக் கொடுத்தால் நல்லது. அந்தப் பழைய படிவம் திருத்தத்துக்கு மறுபடி என் மேசைக்கு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும்.