புதுப்பிப்பு: இரண்டு மாத வாடகை போதாது

வேலைக்காகக் கோலாலம்பூர் வருபவர்கள் இரண்டு மாத வாடகையைக் கையில் வைத்திருந்தால் போதும் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். தவறு. மூன்றரை மாதம் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் 2,000 ரிங்கிட் வீடு என்றால் வைப்புத்தொகை 4,000, தண்ணீர், மின்சாரத்துக்கான வைப்பு 1,000, முதல் மாத வாடகை 2,000. சாவி கைக்கு வருமுன் 7,000 போய்விடும்.

வாடகை ஒப்பந்தத்தைப் பதிய அரசுக்குக் கட்டும் முத்திரை வரியிலும் மாற்றம். ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியோடு போய்விட்டது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 250 ரிங்கிட்டுக்கு 1 ரிங்கிட், இந்த வீட்டுக்கு 96. இரண்டாண்டு என்று எழுதினால் 288. காசு மிச்சம் என்று முத்திரை போடாமல் விட்டுவிடாதீர்கள். முத்திரையில்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக எடுபடாது. வைப்புத்தொகையைத் தராமல் இழுத்தடிக்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. குடிபுகும் அன்றே மின்மீட்டர் எண், சுவரின் ஆணித் துளை, ஏர்கோன் கசிவுக் கறை எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு வருமான வரி எவ்வளவு என்று கேட்ட தம்பிக்கு: ஆண்டில் 182 நாள் மலேசியாவில் இல்லாவிட்டால் பொதுவாக 30 விழுக்காடு. ஜூலைக்குப் பின் வந்தவர்கள் அடுத்த ஆண்டின் தொடர் தங்கலோடு இணைத்து, வரிக்கு மலேசியாவில் வசிப்பவராகக் கணக்குக் காட்ட வழியுண்டு. அதற்குச் சான்றாகக் கடப்பிதழ்ப் பக்கங்களை நகலெடுத்து வையுங்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 2 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி பங்கும் 2.