1752-க்கு முந்தைய இங்கிலாந்துப் பதிவேடுகளில் ஆண்டு குழப்புகிறது

பதிவேட்டு வாசகர்:
வணக்கம். இங்கிலாந்துக் கிராமக் கோயில் ஒன்றின் பழைய பதிவேட்டு நகலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தம்பதிக்குத் திருமணம் 1701 மே 12 என்று இருக்கிறது. அவர்களின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1701 பிப்ரவரி 22. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே பிள்ளையா, அல்லது எழுதியவர் தவறிவிட்டாரா? சில வரிகளில் மாதத்தின் இடத்தில் ‘7பெர்’ என்று இருக்கிறது. அது ஜூலைதானே? இன்றைய தேதிக்கு மாற்ற 10 நாள் கூட்ட வேண்டுமா, 11 நாளா?

காலக்கணக்கு:
எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. மரியாளுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது. 1701 மார்ச் 25-இல் தொடங்கிய ஆண்டு, நாம் 1702 மார்ச் 24 என்று சொல்லும் நாள் வரை ஓடியது. எனவே அந்த ஞானஸ்நானம் நம் கணக்கில் 1702 பிப்ரவரி. மே மாதம் திருமணம், ஒன்பது மாதம் கழித்துப் பிள்ளை. இடறல் ஏதுமில்லை.

பதிவேட்டுப் பக்கத்தை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். அந்த வரிக்கு மேலும் கீழும் விரலை நகர்த்திப் பாருங்கள். டிசம்பர் 1701, ஜனவரி 1701, பிப்ரவரி 1701 என்று வந்து, மார்ச் கடைசியில் 1702 என்ற தலைப்பு விழுந்தால் அது பழைய முறை. பல எழுத்தர்கள் குழப்பம் வராமல் 1701/2 என்று இரண்டு ஆண்டையும் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் 1702 என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘7பெர்’ ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் ‘செப்டெம்’ என்றால் ஏழு, அதைத்தான் எண்ணாகச் சுருக்கியிருக்கிறார்கள். அதே போல 8பெர் அக்டோபர், 9பெர் நவம்பர், 10பெர் டிசம்பர். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஏடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் மாதப் பெயரே எழுதமாட்டார்கள். ‘முதல் மாதம்’ என்றால் 1751 வரை மார்ச், 1752 முதல் ஜனவரி.

ஒரு எச்சரிக்கை. அச்சிட்ட படிகளிலும் இணையப் பட்டியல்களிலும் பெயர்த்தெழுதியவரே 1702 என்று திருத்தியிருக்கக்கூடும். அது தெரியாமல் நீங்களும் ஒன்றைக் கூட்டினால் 1703 ஆகிவிடும். வம்சாவளிகளில் அடிக்கடி நேரும் பிழை இது. மூலத்தில் உள்ளபடி ஒரு பத்தி, மாற்றியது ஒரு பத்தி என்று தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கணக்கு:
நாள் கூட்டும் கேள்விக்கு வருகிறேன். ஆண்டுத் தொடக்கம் ஒரு பிரச்சினை, நாள் வித்தியாசம் வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசையக் கூடாது.

ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகள் பல 1582-லேயே இன்று நாம் பயன்படுத்தும் கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறத் தொடங்கின. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. அன்றிலிருந்து 1700 பிப்ரவரி 28 வரை வித்தியாசம் 10 நாள். ஜூலியனில் 1700 பிப்ரவரி 29 வரும் மிகுநாள் ஆண்டு (லீப் ஆண்டு), கிரகோரியனில் அல்ல. அதனால் 1700 மார்ச் 1 முதல் வித்தியாசம் 11 நாள். உங்கள் பிப்ரவரி 22, கிரகோரியனில் 1702 மார்ச் 5.

பிப்ரவரி 29 வந்தால் திகைக்காதீர்கள். 1703 பிப்ரவரி 29 என்று ஒரு வரி இருந்தால், நான்கால் வகுபடாத ஆண்டாயிற்றே, போலிப் பதிவோ என்று தோன்றும். அது நம் 1704.

இங்கிலாந்து கிரகோரியனுக்கு மாறிய 1752-இல் செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. தேதி தாவியது, கிழமை தாவவில்லை. நல்ல உரைகல் இதுதான்: தேதியை மாற்றிய பிறகும் கிழமை அதேயாக இருக்க வேண்டும். உங்கள் ஞானஸ்நானம் இரண்டு கணக்கிலும் ஞாயிறுதான்.

ஆனால் உள்ளூர் ஆவணத்துக்கு நாளைக் கூட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டை மட்டும் திருத்தி, நாளை அப்படியே விடுங்கள். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஐரோப்பிய ஆவணத்தோடு ஒப்பிடும்போது மட்டும் கூட்டுங்கள். பின்னர் இங்கிலாந்தின் அரசரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் ஹாலந்திலிருந்து கடைசியாகக் கப்பலேறியது டச்சுக் கணக்கில் 1688 நவம்பர் 11, இங்கிலாந்தின் டோர்பே கரையில் இறங்கியது ஆங்கிலக் கணக்கில் நவம்பர் 5. மாற்றாமல் படித்தால் புறப்படும் முன்பே வந்து சேர்ந்துவிடுவார்! இறங்கிய நாள் டச்சுக் கணக்கில் நவம்பர் 15.

பதிவேட்டு வாசகர்:
மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். இதே குடும்பத்தின் நிலப்பத்திரம் ஒன்றில் ஆண்டு எண்ணே இல்லை. ‘எலிசபெத் அரசியின் முதலாம் ஆண்டு, பிப்ரவரி 10’ என்று மட்டும் இருக்கிறது. 1558-ஆ, 1559-ஆ?

காலக்கணக்கு:
1559. நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘யாண்டு’ போன்ற ஆட்சியாண்டு இது. அரியணை ஏறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். முதலாம் எலிசபெத் ஏறியது 1558 நவம்பர் 17. ஆகவே முதலாம் ஆண்டு 1559 நவம்பர் 16 வரை. அதற்குள் வரும் பிப்ரவரி ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாம் சார்லஸ் விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அவர் திரும்பி வந்து ஆண்டது 1660-இல். ஆனால் தந்தை கொல்லப்பட்ட 1649 ஜனவரி 30-லிருந்தே எண்ணினார்கள். அதனால் 1660 அவருக்குப் பன்னிரண்டாம் ஆண்டு.

ஸ்காட்லாந்து ஆவணம் கையில் வந்தால் வேறு கணக்கு. அங்கே 1600 முதலே ஜனவரி 1-இல் ஆண்டு பிறந்தது, நாள் கணக்கு மட்டும் 1752 வரை ஜூலியன். எலிசபெத் இறந்த மார்ச் 24, லண்டனில் 1602-இன் கடைசி நாள். எடின்பரோவில் அது ஏற்கெனவே 1603.

கோட்டைக் குறிப்பு:
ஒன்று சேர்க்கிறேன். சென்னை ஜார்ஜ் கோட்டையின் கம்பெனிப் பதிவுகளும் இதே பழைய முறைதான். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பதிவுகள் கிரகோரியன். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்தது ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே புதன்கிழமை.

குத்தகைப் பத்திரம் பார்ப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. 1752-இல் நாட்காட்டியை மாற்றிய சட்டம், பழைய ஒப்பந்தப்படியான வாடகையும் கடனும் 11 நாள் முன்னதாகக் கேட்கப்படக் கூடாது என்றது. செப்டம்பர் 29 மிக்கேல் திருநாள் தவணை அந்த ஆண்டு அக்டோபர் 10-க்குப் போனது. அடுத்த ஆண்டு மார்ச் 25 தவணை ஏப்ரல் 5-க்குப் போனது. இன்றும் பிரிட்டனின் தனிநபர் வருமான வரி ஆண்டு முடிவது அந்த ஏப்ரல் 5-இல்தான்.